எஞ்சின் கடைசல் வேலை: கைத்தொழிலும் வேண்டும், கடதாசியும் வேண்டும்

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் ஏறக்குறைய நடுவில், பெருந்தெருவும் புகையிரதப் பாதையும் களப்பும் கூடும் இடத்தில் முந்தல் இருக்கிறது. இங்கே காலை பஸ்ஸில், உரப்பையில் சுற்றிய இரும்பு ஒன்றை மடியில் வைத்தபடி யாராவது ஒருவர் ஏறுவதை நாம் அடிக்கடி காண்கிறோம். அது நீரிறைக்கும் மோட்டாரின் சிலிண்டராக இருக்கும், அல்லது முச்சக்கர வண்டியின் எஞ்சின் ஹெட்டாக இருக்கும். "எங்கே அண்ணே?" என்று கேட்டால், "லேத்துக்கு" என்பார்.

லேத் பட்டறை பெரும்பாலும் சிலாபத்திலோ புத்தளத்திலோ நீர்கொழும்பிலோதான். இன்று கொடுத்தால் இன்னொரு நாள் போய் எடுக்க வேண்டும். இரண்டு முறை பஸ் காசு, இரண்டு நாள் கூலி, அதற்கிடையில் வள்ளம் கரையில், தோட்டம் வெயிலில். கொண்டு வந்து பூட்டிய எஞ்சின் ஒரு மாதத்தில் மீண்டும் புகைத்தால் அந்தக் குடும்பத்தின் கணக்கு முழுவதும் தவறிப்போகும்.

அந்த இரும்புக்குப் பட்டறையில் என்ன செய்கிறார்கள்? அந்த வேலையை எமது பிள்ளைகள் எங்கே, எப்படிக் கற்கலாம்? கற்றவர்கள் அதை எப்படி நிரூபிக்கலாம்? இம்மூன்றையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

மெக்கானிக்கும் கடைசல்காரரும்

எஞ்சினைக் கழற்றுவதும் பழுதைக் கண்டுபிடிப்பதும் மீண்டும் பூட்டுவதும் மெக்கானிக்கின் வேலை. கழற்றிய பாகம் தேய்ந்திருந்தால் அதை அளந்து, வெட்டி, அரைத்து, மீண்டும் சரியான அளவுக்குக் கொண்டுவருவது கடைசல்காரரின் வேலை. ஆங்கிலத்தில் மெஷினிஸ்ட் என்பது இவரையே. எமது கராஜ்களில் இவரை 'லேத் பாஸ்' என்று அழைப்பார்கள். சிலிண்டர் குடைதல், கிராங்க் தண்டு அரைத்தல், எஞ்சின் ஹெட்டின் முகத்தைச் சமப்படுத்தல், வால்வு இருக்கை வெட்டுதல், தேய்ந்த தண்டுகளையும் புஷ்களையும் கடைந்து எடுத்தல் என்பன இத்தொழிலின் முக்கிய பகுதிகள்.

எமது கரைக்கு இத்தொழில் மிகவும் வேண்டியது. உடப்பிலும் ஏனைய கரையோரக் கிராமங்களிலும் வள்ளங்கள் வெளியிணைப்பு மோட்டாரில் ஓடுகின்றன. கற்பிட்டிப் பக்கத்தில் வெங்காயமும் மிளகாயும் நீரிறைக்கும் மோட்டாரை நம்பியே விளைகின்றன. களப்பைச் சுற்றிய இறால் பண்ணைகள், 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பலரை வீழ்த்திய பின்னும், இன்றுவரை பம்புகளையும் மின்பிறப்பாக்கிகளையும் ஓடவிட்டுத்தான் நடக்கின்றன. இவற்றோடு உழவு இயந்திரங்கள், லொறிகள், முச்சக்கர வண்டிகள். இந்த எஞ்சின்கள் எல்லாம் மணல் தூசியையும் உப்புக் காற்றையும் சுவாசிக்கின்றன. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யாவிட்டால் மணல் உள்ளே புகுந்து சிலிண்டரை அரத்தைப் போல் அராவிவிடும். ஆகவே உள்நாட்டில் ஓடும் எஞ்சினை விடக் கரையில் ஓடும் எஞ்சின் விரைவில் தேய்கிறது.

தொழிலின் உயிர் அளவு

பலர் இதை உடல்பலத் தொழில் என்று எண்ணுகின்றனர். அது தவறு. பலத்தை இயந்திரம் தருகிறது, மனிதன் தர வேண்டியது அளவு. மனிதத் தலைமுடியின் தடிப்பு மில்லிமீற்றரில் நூறில் ஐந்து முதல் பத்துப் பங்கு வரை இருக்கும். கடைசல்காரரோ நூறில் ஒரு பங்கைக் கணக்கிட்டு வேலை செய்கிறார். அதற்கு அவர் பயன்படுத்தும் கருவி மைக்ரோமீற்றர். பாடசாலையில் இதனை நுண்மானித் திருகுக் கணிச்சி என்று படித்திருப்பீர்கள். சிலிண்டரின் உட்பக்கத்தை அளக்க டயல் உள்ள போர் கேஜ் உண்டு.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஓர் எஞ்சினின் சிலிண்டர் புதிதாக இருந்தபோது உள்விட்டம் 68.00 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நீலப் புகை வருகிறது, எண்ணெய் குறைகிறது, ஸ்டார்ட் செய்ய நேரம் எடுக்கிறது. கடைசல்காரர் முதலில் அளக்கிறார். மேலே, நடுவே, கீழே என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளில், மொத்தம் ஆறு அளவுகள். சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரேயளவாகத் தேய்வதில்லை. பிஸ்டன் வளையம் மேலே வந்து திரும்பும் இடத்தில் அமுக்கமும் சூடும் அதிகம், எண்ணெய் குறைவு. ஆகவே தேய்வு அங்கேதான் கூடுதல். அங்கே 68.09 என்று காட்டுகிறது.

இனி எவ்வளவு குடைய வேண்டும்? தேய்வு 0.09 தான் என்று அந்த அளவுக்கு மட்டும் குடைய முடியாது. தேய்வு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், நடு மையம் பிசகாமல் அந்தக் குழியை அழிக்க ஏறக்குறைய இருமடங்கு குடைய வேண்டிவரும். மேலும் பெரிய பிஸ்டன்கள் நினைத்த அளவிலெல்லாம் கடையில் கிடைப்பதில்லை. வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்ற படிகளிலேயே கிடைக்கும். எனவே இங்கே 0.25 படி பொருந்தும்.

இந்த இடத்தில்தான் நல்ல கடைசல்காரரை அடையாளம் காணலாம். அவர் புதிய பிஸ்டன் கைக்கு வருமுன் சிலிண்டரில் கை வைக்கமாட்டார். பெட்டியில் எழுதிய அளவை நம்பாமல் பிஸ்டனையே அளப்பார். பின்னுக்குச் செங்குத்தான திசையில், பாவாடைப் பகுதியில் அளந்தபோது 68.21 இருந்தது என்று கொள்வோம். அந்த எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த இடைவெளி 0.04 ஆனால், முடிவில் சிலிண்டர் 68.25 ஆக வேண்டும். குடையும் இயந்திரத்தில் 68.21 வரை மட்டும் குடைந்து, மிகுதி 0.04ஐ ஹோன் கற்களால் தேய்த்து எடுப்பார். ஹோன் கல் மேலும் கீழும் போய்ச் சுழலும்போது சுவரில் குறுக்குக் கோடுகள் விழும். அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கி நிற்கும். சுவர் கண்ணாடி போல் மினுங்கினால் எண்ணெய் தங்காது, வளையமும் சுவரோடு படியாது.

முடிவில் சுடுநீரும் சவர்க்காரமும் இட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெயால் துடைத்தால் மட்டும் போதாது, கல்லின் பொடி கோடுகளுக்குள்ளேயே கிடக்கும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வந்த பின் எண்ணெய் பூச வேண்டும். இந்தச் சிறிய வேலையைத் தவிர்த்ததால் மட்டும் எத்தனையோ புதிய பிஸ்டன்கள் வீணாகியிருக்கின்றன.

வெட்டிய இரும்பை மீண்டும் ஒட்ட முடியாது. நூறில் பத்துப் பங்கு கூடுதலாகக் குடைந்துவிட்டால் பிஸ்டன் உள்ளே தட்டும், எஞ்சின் மறுபடியும் புகைக்கும். அடுத்த படிப் பிஸ்டன் வாங்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் உறை போட வேண்டும். பிழை விட்டவர் கடைசல்காரர், பணம் கட்டுபவர் மீன்பிடிக்காரர். இந்தப் பொறுப்பை உணர்வதே பயிற்சியின் முதற்பாடம்.

சிலிண்டர் குடைதல் இன்று நேற்று வந்த வேலையன்று. ஜேம்ஸ் வாட் தமது நீராவி எஞ்சினுக்கு 1769இல் காப்புரிமை பெற்றும், நல்ல சிலிண்டர் கிடைக்காததால் பல ஆண்டுகள் தவித்தார். ஆவி ஓரத்தால் கசிந்தது. இங்கிலாந்தில் ஜோன் வில்கின்சன் என்பவர் 1774இல் பீரங்கி குடைய ஓர் இயந்திரம் அமைத்தார். அதன் வழியில் அவர் குடைந்த சிலிண்டர்களால்தான் 1776இல் வாட்டின் எஞ்சின் ஒழுங்காக ஓடியது. ஐம்பது அங்குல அகலச் சிலிண்டரில் ஒரு பழைய சில்லிங் நாணயத்தின் தடிப்பளவுகூடப் பிழை இல்லை என்று வாட்டின் பங்காளி போல்டன் மெச்சினார். அன்று நாணயத்தின் தடிப்பு பெருமையாக இருந்தது. இன்று முந்தலில் ஒரு முச்சக்கர வண்டிக்கு அந்தப் பிழை இருந்தால் அது ஒரு நாளும் ஓடாது.

கிராங்க் தண்டும் ஹெட்டும்

கிராங்க் தண்டு வட்டம் கெட்டுத் தேய்ந்தால் அதை 0.25 அல்லது 0.50 சிறிதாக அரைத்து, அதற்கேற்பத் தடித்த பெயரிங் போடுவார்கள். கழுத்து தண்டின் பக்கத்தோடு சேரும் மூலையில் ஒரு சிறு வளைவு இருக்கும். அரைக்கும்போது அந்த வளைவைக் கூர் மூலையாக்கிவிட்டால், தண்டு அவ்விடத்திலேயே வெடித்து முறியும். அரைக்குமுன் வெடிப்பு உண்டா எனக் காந்தமும் இரும்புத்தூளும் கொண்டு சோதிப்பது முறையான பட்டறையின் வழக்கம்.

எஞ்சின் சூடேறித் தண்ணீர் கொதித்தால் ஹெட் வளையும். நேர்ச்சட்டம் ஒன்றை அதன் முகத்தில் வைத்து, இடையில் மெல்லிய பீலர் தகட்டைச் செலுத்திப் பார்த்து வளைவை அறிவார்கள். பின்னர் முகத்தை வேண்டிய அளவு மட்டும் சீவுவார்கள். அதிகம் சீவினால் அமுக்கம் கூடிவிடும். வால்வு இருக்கைகள் பொதுவாக 45 பாகையில் வெட்டப்படும். இவை யாவும் கணிதம் தெரிந்த கையின் வேலைகள். தசமமும் கோணமும் தெரியாமல் இத்தொழிலில் உயர முடியாது. ஆகவே கணிதத்தில் ஓரளவு நன்றாகச் செய்யும் பிள்ளையை, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று தள்ளிவிடாது, இந்த வழியையும் காட்டுங்கள்.

விரல்கள் பத்தும் வேண்டும்

லேத்தின் அருகே சாரத்துடன் போகக் கூடாது. தொங்கும் துணி, மோதிரம், கைக்கடிகாரம், நீண்ட தலைமுடி எதுவும் சுழலும் தண்டில் அகப்பட்டால் இயந்திரம் மனிதனை இழுத்துக்கொள்ளும். சுழலும் பாகத்தருகே கையுறையும் ஆபத்தே. சக்கைப் பூட்டிய சாவியை அதிலேயே விட்டு இயந்திரத்தைப் போட்டால் அது குண்டைப் போல் பாயும். இரும்புச் சுருளைக் கையால் இழுக்காமல் கொக்கியாலும் தூரிகையாலும் அகற்ற வேண்டும். கண்ணாடி அணியாமல் அரைக்கும் கல்லின் முன் நிற்கக் கூடாது. பழைய பட்டறைகளில் இவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை. பிள்ளை விரலை இழந்த பின்புதான் கற்றுக்கொள்கிறான். முறையான பயிற்சி நிலையத்தில் இவை முதல் வாரத்திலேயே கற்பிக்கப்படும். அந்த ஒரு காரணத்துக்காகவேனும் முறையான பயிற்சி நல்லது.

எங்கே கற்கலாம்?

இலங்கையில் மோட்டார்த் தொழில் பயிற்சிக்குப் பெயர்பெற்றது 'ஜேர்மன் டெக்' என்று மக்கள் அழைக்கும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம். 1959இல் இரு நாடுகளின் உடன்படிக்கையால் உருவாகி, இன்று மொரட்டுவையில் இயங்குகிறது. பட்டறையும் வகுப்பும் சேர்ந்த ஜேர்மன் முறைப் பயிற்சி அதன் சிறப்பு. இதற்குப் போட்டி அதிகம், ஆகவே விண்ணப்ப அறிவித்தலைத் தவறவிடக் கூடாது.

1971ஆம் ஆண்டின் பயிலுனர் சட்டத்தால் தொடங்கிய தேசியப் பயிலுனர் சபை, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையாயிற்று. இச்சபை பிள்ளையை ஒரு வேலைத்தளத்தில் பயிலுனராகச் சேர்த்து, தொழில் செய்தபடியே கற்க வைக்கிறது. 1995இல் அமைந்த தொழிற்பயிற்சி அதிகாரசபை மாவட்டங்கள்தோறும் நிலையங்களை நடத்துகிறது. நீர்கொழும்பில் 1956இல் பணி தொடங்கிய சலேசிய சபையினரும் டொன் பொஸ்கோ நிலையங்களில் ஏழை இளைஞருக்குத் தொழில் கற்பித்து வருகின்றனர்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு தடை மொழி. எமது பக்கத்து நிலையங்கள் பலவற்றில் பாடம் சிங்களத்திலேயே நடக்கிறது. சிங்களம் ஓரளவு பேசத் தெரிந்த பிள்ளையும் தொழில்நுட்பச் சொல் வந்ததும் பின்தங்கி, வெட்கத்தால் விலகிவிடுகிறது. விண்ணப்பிக்கும்போதே போதனா மொழியைக் கேட்டு அறியுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் மோட்டார் வாகனத் துறையும் இயந்திரத் துறையும் உள்ளன. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் இளைஞர் சேர்ந்து படிக்கும் அந்த இடத்தையும் நினைவில் வைத்திருங்கள்.

தனியார் நிலையமானால், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அது பதிவாகியுள்ளதா, குறித்த பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்று கட்டணம் கட்டுமுன் விசாரியுங்கள். அழகான விளம்பரப் பலகை பதிவு ஆகாது.

ஏற்கனவே தெரிந்தவர்களுக்கு

இனி, மிக முக்கியமான விடயம். எமது பகுதியில் பல தம்பிமார் பதினாறு வயதில் பாடசாலையை விட்டு, ஒரு பாஸிடம் சேர்ந்து, முதலில் போல்ட் கழுவி, பின் தேநீர் வாங்கி, பின் லேத்தில் நின்று, எட்டுப் பத்து ஆண்டுகளில் நல்ல கைத்திறன் பெற்றிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு சிலிண்டர் குடைவார்கள். ஆனால் ஒரு கம்பனியில் வேலை கேட்டால், "சான்றிதழ் எங்கே?" என்பார்கள். "என்னிடம் கடதாசி இல்லை, ஐயா" என்று திரும்பிவருவார்கள். வெளிநாடு போனால் தொழிலாளி என்ற பெயரில் போகமாட்டார்கள், உதவியாள் என்றே போவார்கள். வேலை அதே, சம்பளம் வேறு. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் பாலாவிச் சிமெந்து ஆலையும் எமது மாவட்டத்திலேயே இருக்கின்றன. இத்தகைய பெரிய இடங்களின் பராமரிப்பு வேலைக்குக் கடைசல் தெரிந்தவர் வேண்டும். ஆனால் அங்கே முதலில் பார்ப்பது கடதாசியைத்தான்.

இதற்கு வழி உண்டு. 2004ஆம் ஆண்டளவில் இலங்கையில் தேசிய தொழிற்தகைமை முறை வந்தது. என்.வி.கியூ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதில் ஏழு மட்டங்கள். முதல் நான்கு தொழிலாளர் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். நான்காம் மட்டம் பெற்றவர் தானாகவே பொறுப்பேற்று வேலை செய்யக்கூடியவர் என்று கொள்ளப்படுவார். மெஷினிஸ்ட் தொழிலுக்கும் இச்சான்றிதழ் உண்டு.

பாடநெறிக்குப் போகாமலே இதைப் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதற்குப் பெயர். பயிலுனர் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எங்கே, எத்தனை ஆண்டுகள், என்ன வேலை செய்தீர்கள் என்று காட்ட வேண்டும். பாஸின் கடிதம், வேலை செய்யும் படங்கள், செய்த பொருட்கள் என்பன உதவும். பின்னர் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர்கள் முன் செய்து காட்ட வேண்டும், கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். பரீட்சை எழுதப் பயந்து பாடசாலையை விட்டவர் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. இங்கே பேசுவது கை. தமிழில் மதிப்பீடு வேண்டுமென்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கை சரியாகச் செய்தும் வாய் சொல்ல முடியாமல் தடுமாறுபவர் உண்டு. "ஏன் 0.04 விட்டாய்?" என்று கேட்டால், "பாஸ் அப்படித்தான் சொன்னார்" என்பது போதாது. மைக்ரோமீற்றர் வாசிப்பையும் பாதுகாப்பு விதிகளையும் ஒரு மாதம் மாலை வேளைகளில் மீட்டிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

பெண் பிள்ளைகளும்

அளவும் பொறுமையும் சுத்தமும் வேண்டிய தொழிலில் பெண் பிள்ளைகள் பின்தங்க நியாயமில்லை. பாரம் தூக்கச் சங்கிலித் தூக்கி இருக்கிறது. கணினி சொல்லியபடி வெட்டும் சி.என்.சி. இயந்திரங்களில் உடல்பலத்துக்கு வேலையே குறைவு. தைத்த சட்டையில் அரை அங்குலம் பிழைத்தால் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு மைக்ரோமீற்றர் புதிதல்ல.

நாளைக்கும் இத்தொழில் இருக்குமா?

மின்சார வாகனத்தில் சிலிண்டர் இல்லை, பிஸ்டன் இல்லை. ஆகவே பெற்றோர் இக்கேள்வியைக் கேட்பது நியாயமே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கும்வரை, நாட்டில் இருந்த பழைய எஞ்சின்களையே திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. அந்தப் பழைய வாகனங்களில் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வள்ளமும் உழவு இயந்திரமும் நீரிறைக்கும் மோட்டாரும் ஒரே நாளில் மின்சாரத்துக்கு மாறப்போவதில்லை. ஆயினும் இன்று சேரும் பிள்ளை எஞ்சின் வேலையை மட்டும் கற்று நிற்கக் கூடாது. லேத்தும் மில்லிங்கும் அரைத்தலும் நன்றாகத் தெரிந்தால் ஆலைக்கும் போகலாம், சி.என்.சி.க்கும் மாறலாம். எந்த இயந்திரத்திலும் தண்டு உண்டு, பெயரிங் உண்டு, அளவு உண்டு. அளக்கத் தெரிந்தவனுக்கு வேலை மாறும், தொழில் அழியாது.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோரே, பிள்ளையைப் பட்டறையில் சேர்க்கும்போது சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். "பாஸ், எந்த வருடம் இவனை லேத்தில் விடுவீர்கள்? பயிலுனராகப் பதிய இடம் தருவீர்களா?" என்றும் கேளுங்கள்.

பாஸ்மாரே, உங்களிடம் கற்றவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கத் தயங்காதீர்கள். அவர் போய்விடுவார் என்ற பயம் விளங்குகிறது. ஆனால் கடிதம் கொடுக்கும் பட்டறைக்கே நல்ல பிள்ளைகள் தேடி வருவார்கள்.

இளைஞர் மன்றங்களே, உங்கள் கிராமத்தில் சான்றிதழின்றித் தொழில் தெரிந்தவர்களின் பட்டியல் ஒன்றை எழுதுங்கள். மேசன், தச்சர், வெல்டர், லேத் வேலைக்காரர் எல்லோரையும் சேர்த்து எழுதி, பிரதேச செயலகத்தின் தொழில் வழிகாட்டல் உத்தியோகத்தரிடம் கூட்டமாகவே போங்கள். தனியாகப் போகும் ஒருவருக்கு நாளைக்கு வரச் சொல்வார்கள். இருபது பேர் சேர்ந்து போனால் ஒரு திகதி கிடைக்கும்.

அடுத்த முறை உரப்பையில் சுற்றிய சிலிண்டரோடு பஸ் ஏறுபவரைக் காணும்போது, அந்தச் சிலிண்டரை இங்கேயே அளந்து, இங்கேயே குடைந்து, "அண்ணே, நாளைக்கே கடலுக்குப் போகலாம்" என்று சொல்லக்கூடிய கைகள் எமது ஊரிலும் இருக்கின்றன என்பதை நினையுங்கள். அவர்களில் சிலருக்குக் கற்க ஓர் இடம் வேண்டும். கற்று முடித்த சிலருக்கு ஒரு கடதாசி மட்டும் வேண்டும்.